கணப்பு அடுப்பு வாங்கும் முன் கூரையையும் விறகையும் பாருங்கள்

குளிர்காலம் நெருங்க நெருங்க என் கைப்பேசிக்குப் படங்கள் வரத் தொடங்கிவிடும். கடையில் பளபளவென்று நிற்கும், அறையைச் சூடாக்கும் விறகு அடுப்பு, கீழே ஒரே வரி: "அண்ணா, இதை வாங்கலாமா?" புகைபோக்கி துடைப்பதும் கணப்பு அடுப்பு பொருத்துவதும் என் தொழில். அந்தக் கேள்விக்கு நான் நேராகப் பதில் சொல்வதே இல்லை. "விறகு எங்க அடுக்கி வச்சிருக்கீங்க? புகைபோக்கி வீட்டுக்குள்ள ஏறுதா, வெளிச்சுவர் ஓரமா ஏறுதா?" என்று திருப்பிக் கேட்பேன். பாதிப் பேர் அதோடு பேச்சை மாற்றிவிடுவார்கள். மீதிப் பேருக்காக இதை எழுதுகிறேன்.

கடைக்காரர் அடுப்பை முன்பக்கமாகப் பார்க்கிறார். கண்ணாடி, கைப்பிடி, நிறம் எல்லாம் அங்கேதான். நான் பார்ப்பது அதன் மறுமுனையை. கூரையில் ஏறி, புகைபோக்கியின் தொப்பியைக் கழற்றி, பிரஷ்ஷை உள்ளே இறக்கினாலே கீழே அடுப்பு எப்படி எரிகிறது என்று தெரிந்துவிடும். லேசான பழுப்புத் தூள் கொஞ்சம் உதிர்ந்தால் அந்த வீட்டில் ஒழுங்காக எரிக்கிறார்கள். பிரஷ் எதிலும் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே போய், டார்ச் அடித்தால் குழாயின் உட்சுவர் தார் பூசியதுபோல் கறுத்து மின்னினால், அங்கே விறகு ஈரம், அல்லது அடுப்பு அளவுக்கு மீறிப் பெரிது. பெரும்பாலும் இரண்டுமே. அந்த மினுமினுப்பின் பெயர் கிரியோசோட். பிரஷ்ஷுக்கு அது மசியாது. அது தீப்பிடித்தால் குழாய்க்குள் வெப்பம் 1000 டிகிரி செல்சியஸையும் தாண்டும்.

தேவையா என்பதைச் சுருக்கமாகப் பேசிவிடுவோம். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தாலோ, ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு ஜன்னல் என்ற நெருக்கத்தில் இருந்தாலோ வேறு வழி தேடுங்கள். எவ்வளவு நல்ல அடுப்பானாலும் நுண்துகள் வெளியேறத்தான் செய்யும். சுவரிலும் கூரையிலும் வெப்பக்காப்பு சரியில்லாத வீடு என்றால் முதல் செலவு அதற்கு; அதன்பின் சின்ன அடுப்பே போதும் என்று ஆகிவிடலாம். விறகு தூக்க, சாம்பல் அள்ள, தீயைக் கவனிக்க வீட்டில் ஆள் வேண்டும். இதெல்லாம் சரி என்றால், மின்சாரம் போன பனிநாளிலும் வீட்டைச் சூடாக வைத்திருக்கும் சாதனம் இதைப் போல் இன்னொன்று இல்லை. மரத்தூளை அழுத்திச் செய்த துகள்கட்டி எரிக்கும் பெல்லட் அடுப்புக்கு அந்தப் பெருமை கிடையாது. துகள்கட்டியைத் தீக்குத் தள்ளும் திருகும் விசிறியும் மின்சாரம் இல்லாவிட்டால் நின்றுவிடும்.

விறகுக் கணக்கு முதலில்

புதிதாக வெட்டிய மரத்தில் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர்தான். எரிக்கத் தகுந்த விறகில் அது 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இதைப் பலர் தலையாட்டிக் கேட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள், அதனால் கணக்காகச் சொல்கிறேன். 40 சதவீத ஈரமுள்ள 10 கிலோ விறகை அடுப்பில் போட்டால், 4 லிட்டர் தண்ணீரையும் சேர்த்துப் போடுகிறீர்கள். அந்தத் தண்ணீர் முழுவதும் ஆவியாகிப் போக வேண்டிய வெப்பம், உங்கள் அறைக்கு வர வேண்டிய வெப்பத்திலிருந்துதான் போகிறது. எரியறையின் சூடும் இறங்கிவிடுவதால் புகை எரியாமலே மேலே போகும். குளிர்ந்த குழாயில் ஒட்டும்.

ஈரமானியை மரத்துண்டின் வெளிப்பக்கத்தில் குத்திவிட்டு "பதினெட்டு காட்டுது" என்று சந்தோஷப்படாதீர்கள். துண்டை நடுவில் பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தில், நரம்போட்டத்தை ஒட்டிக் குத்துங்கள். அங்கே வரும் எண்தான் உண்மை. ஈரமானி இல்லாவிட்டாலும் அடுப்பே காட்டிக்கொடுக்கும். ஈர விறகு பற்றியதும் வெட்டுமுனையில் நுரை பொங்கும், உஸ்ஸென்று இரையும், அந்த இடத்தைச் சுற்றி வெகுநேரம் தீ நெருங்காது.

பிளந்து, மேலே மட்டும் மூடி, பக்கவாட்டில் காற்று ஓட விட்டு அடுக்கினால் மென்மரம் ஒரு கோடையில் காயலாம். ஓக் போன்ற அடர்மரம் இரண்டு வருடம்கூட எடுக்கும். ஆகவே அடுப்பு வாங்குவதற்கு முந்தைய வருடமே விறகு வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லையா? காய்ந்த விறகு என்று சொல்லி விற்பவரின் குவியலிலிருந்து நீங்களே ஒரு துண்டை எடுத்துப் பிளந்து அளந்து பாருங்கள்.

பைன் எரித்தால் புகைபோக்கி கெடும் என்று ஒரு பேச்சு உண்டு. எடைக்கு எடை பார்த்தால் காய்ந்த பைனும் காய்ந்த ஓக்கும் தரும் வெப்பம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஓக் அடர்த்தி அதிகம், அதனால் அதே அடுப்புக்குள் அதிக எடை அடங்கும், அதிக நேரம் நிற்கும். கிரியோசோட் சேர்வதற்குக் காரணம் ஈரமும் மூச்சுத் திணறி எரியும் தீயும். பைன் போன்ற மென்மரங்களே மிகுந்த குளிர்ப் பகுதிகளில் காலங்காலமாக அதையேதான் எரிக்கிறார்கள்.

இதெல்லாம் அடுப்புத் தேர்வில் எங்கே வருகிறது என்றால், நீளத்தில். உங்களுக்குக் கிடைக்கும் விறகு 25 சென்டிமீட்டரா, 33-ஆ, 40-ஆ, 50-ஆ? 33 சென்டிமீட்டர் விறகு விற்கும் ஊரில் 30 சென்டிமீட்டர் அகல எரியறை உள்ள அடுப்பை வாங்கிவிட்டு, குளிர்காலம் முழுவதும் ரம்பமும் கையுமாக நிற்கும் குடும்பத்தை எனக்குத் தெரியும். கடைக்குப் போகும்போது உங்கள் விறகில் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். அடுப்புக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் பாருங்கள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

புகைபோக்கிதான் எந்திரம்

அடுப்பைப் பெட்டி என்று வைத்துக்கொண்டால், அதை இயக்குவது புகைபோக்கி. உள்ளே உள்ள சூடான வாயு வெளிக்காற்றைவிட இலேசானது. அது மேலே ஏறும்போது கீழே ஒரு இழுவை உண்டாகிறது. அந்த இழுவைதான் அறைக்காற்றை அடுப்புக்குள் கொண்டுவருகிறது. இழுவை இரண்டால் வரும்: குழாயின் உயரம், உள்ளே இருக்கும் வாயுவின் சூடு. இரண்டில் எது குறைந்தாலும் உலகத்திலேயே சிறந்த அடுப்பும் உங்கள் முகத்தில் புகையைக் கக்கும்.

1740-களில் பெஞ்சமின் பிராங்க்ளின் வடிவமைத்த அடுப்பில் புகை முதலில் கீழே இறங்கி, தரைக்கடியில் போய், பிறகு புகைபோக்கிக்கு ஏறும்படி வழி வைத்திருந்தார். வெப்பத்தை இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம். புகைபோக்கி நன்றாகச் சூடேறாதவரை புகை இறங்க மறுத்து அறைக்கே திரும்பியது. பின்னால் வந்தவர்கள் அந்த இறக்கத்தையே எடுத்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய மூளைக்கே புகை வளைந்துகொடுக்கவில்லை.

அதனால் வீட்டின் நடுவில், சூடான அறைகளின் ஊடாக நேராக ஏறிக் கூரை முகட்டுக்கு அருகில் வெளியேறும் குழாய்தான் முதல் தரம். வெளிச்சுவரில் துளை போட்டு, வளைத்து, சுவர் ஓரமாகவே ஏற்றும் குழாய் எப்போதும் குளிர்ந்தே கிடக்கும். அப்படிப்பட்ட வீட்டில், அணைந்து கிடக்கும் அடுப்பின் கதவைக் காலையில் திறந்து கையை நீட்டிப் பாருங்கள். ஐஸ் பெட்டியைத் திறந்த மாதிரி குளிர்காற்று கொட்டும். அது குழாய்க்குள் நிற்கும் குளிர்க்காற்றுத் தூண். அதை மீறித்தான் உங்கள் முதல் புகை ஏற வேண்டும். வேறு வழியே இல்லாமல் வெளியே ஏற்றுவதானால், வெப்பக்காப்பு உள்ள இரட்டைச் சுவர்க் குழாயாகத்தான் இருக்க வேண்டும்.

உயரத்துக்கு, வட அமெரிக்காவில் பின்பற்றும் விதி எளிது, எங்கும் உதவும். குழாய் கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 90 சென்டிமீட்டர் மேலே நிற்க வேண்டும். 3 மீட்டர் தூரத்துக்குள் கூரையின் எந்தப் பகுதி இருந்தாலும் அதைவிட 60 சென்டிமீட்டர் உயரமாக இருக்க வேண்டும். அடுப்பிலிருந்து உச்சிவரை மொத்த உயரம் பொதுவாக 4 முதல் 5 மீட்டருக்குக் குறையக் கூடாது. துல்லியமான எண் அடுப்போடு வரும் கையேட்டில் இருக்கும். அந்தக் கையேட்டை வாங்கும் முன்பே கேட்டு வாங்கிப் படியுங்கள். தர மறுக்கும் கடையில் அடுப்பு வாங்க வேண்டாம்.

பழைய திறந்த கணப்பு உள்ள வீட்டுக்காரர்கள் "எங்களுக்கு புகைபோக்கி ஏற்கெனவே இருக்கே" என்பார்கள். அது திறந்த நெருப்புக்குக் கட்டிய அகலமான செங்கல் கூடு. 15 சென்டிமீட்டர் புகைவாய் உள்ள அடுப்பின் புகையை அதற்குள் விட்டால், அகலத்தில் பரவி, வேகம் குறைந்து, குளிர்ந்து, பாதி வழியிலேயே படிந்துவிடும். அடுப்பின் வாய்க்குச் சமமான அளவில் எஃகு உட்குழாய் ஒன்றை அடியிலிருந்து உச்சிவரை இறக்க வேண்டும். சிலர் முதல் ஒரு மீட்டர் மட்டும் இறக்கிவிட்டுப் பணத்தை மிச்சப்படுத்தியதாகச் சொல்வார்கள். அப்படிப் பொருத்தித் தரச் சொன்னால் நான் கருவிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

இன்னொன்று, நிலவறையில் அடுப்பு வைக்கும் ஆசை. சூடு தானாக மேலே வரும் என்பது கணக்கு. வீடு முழுவதுமே குளிர்காலத்தில் ஒரு புகைபோக்கியாகத்தான் வேலை செய்கிறது. சூடான காற்று மேல்மாடி இடுக்குகளில் வெளியேற, கீழ்த்தளம் வெளியிலிருந்து காற்றை உறிஞ்சும். அந்த உறிஞ்சலோடு உங்கள் புகைபோக்கி போட்டியிட வேண்டும். வெப்பக்காப்பு இல்லாத நிலவறைச் சுவர் வேறு வெப்பத்தை மண்ணுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். நீங்கள் உட்காரும் அறையில் அடுப்பை வையுங்கள்.

எத்தனை கிலோவாட்?

இங்கேதான் பெரும்பாலான பணம் வீணாகிறது. "எதுக்கும் கொஞ்சம் பெரிசாவே வாங்கிடலாம், தேவைன்னா குறைச்சு எரிச்சுக்கலாம்" என்ற யோசனை குளிர்சாதனத்துக்கோ காருக்கோ ஓடலாம், விறகுக்கு ஓடாது. பெரிய அடுப்பைப் பற்றவைத்த அரைமணியில் அறை கொதிக்கிறது. காற்றுத் துவாரத்தை மூடுகிறீர்கள். தீ அடங்கி, விறகு கணன்று புகைகிறது. அந்தப் புகைதான் விறகின் எரிபொருளில் பெரும்பகுதி. எரியாமல் குழாய்க்குப் போகிறது. கண்ணாடி கறுக்கிறது. நான் போன ஒரு வீட்டில் கணவர் அடுப்பைப் பாதி மூடி வைத்திருந்தார், மனைவி ஜன்னலைப் பாதி திறந்து வைத்திருந்தார், இருவரும் கண்ணாடி கறுப்பதற்குத் தயாரிப்பாளரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அடுப்பில் ஒரு குறையும் இல்லை. அந்த அறைக்கு அது இரண்டு மடங்கு பெரிது, அவ்வளவுதான். சின்ன அடுப்பு பளிச்சென்று எரிவது, பெரிய அடுப்பு மூச்சடைத்துக் கிடப்பதைவிட எல்லா விதத்திலும் மேல்.

தோராயக் கணக்கு ஒன்று உண்டு. அறையின் நீளம், அகலம், உயரத்தை மீட்டரில் பெருக்கி 14-ஆல் வகுத்தால், வெளியே பூஜ்யத்தை ஒட்டிய குளிருக்குத் தேவையான கிலோவாட் வரும். 6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம் என்றால் 72 கன மீட்டர். 14-ஆல் வகுத்தால் 5 கிலோவாட் சொச்சம். காற்றுப் புகும் பழைய வீடானால் 10-ஆல் வகுங்கள், 7 வரும். நன்றாகக் காப்பிட்ட புது வீடானால் 25-ஆல் வகுங்கள், 3 கூட வராது. வெளியே மைனஸ் 20 வரை இறங்கும் இடமானால் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது, தேவையும் அப்படியே.

இதைவிட நம்பகமான வழி, இப்போது சாதாரண மின்சூடேற்றிகளால் வீட்டைச் சூடாக்குகிறீர்கள் என்றால், மீட்டரிலேயே இருக்கிறது. ஆண்டின் மிகக் குளிர்ந்த நாளில் சூடேற்றிகளுக்கு மட்டும் 120 யூனிட் ஆகியிருந்தால் 24-ஆல் வகுங்கள்; சராசரி 5 கிலோவாட். வீடு முழுவதற்குமான தேவையே அவ்வளவுதான். விற்பனையாளர் 12 கிலோவாட் அடுப்பைக் காட்டும்போது இந்த எண்ணைக் கையில் வைத்திருங்கள்.

விளம்பரத்தாளில் வரும் எண்ணிலும் சூட்சுமம் உண்டு. சில நாடுகளில் பி.டி.யு. என்ற பிரிட்டிஷ் வெப்ப அலகுக் கணக்கில் போடுவார்கள், ஒரு கிலோவாட் என்றால் மணிக்கு 3412 பி.டி.யு. "70,000 பி.டி.யு." என்று பெரிய எழுத்தில் இருந்தால் அது 20 கிலோவாட்டுக்கு மேல். உலர்ந்த விறகை நிரப்பிக் காற்றை முழுவதும் திறந்துவிட்டால் சிறிது நேரத்துக்கு எட்டும் உச்சம் அது. உங்களுக்கு வேண்டியது மணிக்கணக்கில் சீராகத் தரும் அளவு. அதேபோல வட அமெரிக்க அடுப்புகளின் திறன் சதவீதமும் ஐரோப்பிய அடுப்புகளின் சதவீதமும் ஒரே அடிப்படையில் கணக்கிடப்பட்டவை அல்ல. புகையோடு போகும் நீராவியின் வெப்பத்தை ஒரு முறை கணக்கில் சேர்க்கிறது, மற்றது விட்டுவிடுகிறது. ஒரே அடுப்பு ஐரோப்பியக் கணக்கில் சில புள்ளிகள் கூடுதலாகத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு ஏமாறாதீர்கள்.

இரவு முழுவதும் தணல் நிற்குமா என்பது எல்லோரும் கேட்கும் அடுத்த கேள்வி. காய்ந்த விறகு கிலோவுக்கு ஏறத்தாழ 4 கிலோவாட்-மணி வெப்பம் வைத்திருக்கிறது. 75 சதவீதத் திறனில் 3 கைக்கு வரும். இரவு 8 மணி நேரத்துக்கு 2 கிலோவாட் வீதம் வேண்டுமானால் 16 கிலோவாட்-மணி, அதாவது ஐந்து கிலோவுக்குச் சற்று மேல் விறகு ஒரே தடவையில் உள்ளே அடங்க வேண்டும். இரண்டு கட்டை மட்டும் பிடிக்கும் அழகிய சின்ன எரியறை அதைத் தராது. எந்த விற்பனையாளர் சத்தியம் செய்தாலும் தராது.

உள்ளே எப்படி எரிகிறது

இன்றைய நல்ல அடுப்புகள் புகையை இரண்டாம் முறை எரிக்கின்றன. அதற்கு இரண்டு வழி. ஒன்றில், எரியறையின் மேற்பகுதியில் துளையிட்ட குழாய்களோ பின்சுவரில் வரிசையாகத் துளைகளோ இருக்கும். சூடேறிய காற்று அதன் வழியே புகையில் கலக்கும். எரியறை சுமார் 600 டிகிரியை எட்டும்போது, விறகைத் தொடாமலே அந்தத் துளைகளிலிருந்து தீ நாக்குகள் கிளம்புவதைக் கண்ணாடி வழியே பார்க்கலாம். எனக்கு இன்றும் சலிக்காத காட்சி. இன்னொன்றில், பல்லேடியம், பிளாட்டினம் போன்ற உலோகம் பூசிய தேன்கூட்டுக் கட்டி வழியே புகை போகும். இந்த வினையூக்கி 260 டிகிரி வாக்கிலேயே புகையை எரிக்கத் தொடங்கிவிடுவதால், தீயைத் தணித்து நெடுநேரம் ஓட்ட முடியும்.

மாலையில் பற்றவைத்து, தீயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டுப் படுக்கப் போகிறவர்களுக்கு முதல் வகை போதும். இரவும் பகலும் குளிர்காலம் முழுக்க எரிக்கப் போகிறவர்கள் வினையூக்கி வகையை யோசிக்கலாம். அதற்குக் கொஞ்சம் ஒழுங்கு வேண்டும். பற்றவைக்கும்போதும் கதவைத் திறக்கும்போதும், வினையூக்கியைத் தொடாமல் புகையை விடும் மாற்றுவழித் தகட்டைத் திறக்க வேண்டும். பெயின்ட் பட்ட பலகை, பசை ஒட்டிய மரம், வண்ணக் காகிதம் எதையும் போடக் கூடாது. சில வருடங்களில் அந்தக் கட்டியை மாற்றவும் வேண்டும். வீட்டில் தீ மூட்டுகிறவர் யார் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். பொறுமையில்லாதவர் கையில் வினையூக்கி நிலைக்காது.

வார்ப்பிரும்பா, எஃகுத் தகடா என்ற விவாதத்தில் எனக்குச் சுவாரசியம் இல்லை. எஃகு சற்றுச் சீக்கிரம் சூடாகும், வார்ப்பிரும்பு சற்று நேரம் பிடித்துவைக்கும், வித்தியாசம் அவ்வளவே. மாக்கல் போர்த்திய அடுப்பு வேறு கதை. சூடேற நேரம் எடுக்கும், தீ அணைந்த பிறகும் வெகுநேரம் மெல்லக் கொடுத்துக்கொண்டிருக்கும். வேலைவிட்டு வந்து உடனே கதகதப்பு வேண்டுபவருக்கு அது எரிச்சலூட்டும். நாள் முழுக்க வீட்டில் இருப்பவருக்கு அருமை. எடையையும் மறக்காதீர்கள். மரத்தளம் உள்ள வீட்டில் தாங்குமா என்று கட்டடம் தெரிந்தவரிடம் கேட்ட பிறகுதான் கல் அடுப்பைப் பற்றிப் பேச வேண்டும்.

கடையில் கையை வைத்துப் பாருங்கள்

கதவைத் திறந்து மூடுங்கள். ஒரு தாள்துண்டைக் கதவுக்கும் சட்டத்துக்கும் இடையில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். நான்கு பக்கமும், கீல் ஓரத்திலும், இதைச் செய்யுங்கள். எங்காவது தாள் வழுக்கி வந்தால் அங்கே காற்று கசியும். காற்றுத் துவாரத்தை எவ்வளவு மூடினாலும் தீ உங்கள் பேச்சைக் கேட்காது. கதவைச் சுற்றியுள்ள அடைப்புக் கயிறு தேயும் பொருள்தான், மாற்றலாம். அதே அளவு கயிறு எளிதில் கிடைக்குமா என்று அப்போதே கேளுங்கள்.

பிறகு குனிந்து, எரியறையின் கூரைத் தகட்டைக் கையால் தூக்கிப் பாருங்கள். புகைபோக்கி துடைக்க வரும் என்னைப் போன்றவர்கள் அதைக் கழற்றியாக வேண்டும். இரண்டு நிமிடத்தில் கழன்று வந்தால் வடிவமைத்தவர் யோசித்திருக்கிறார். உள்சுவரில் பதித்த வெர்மிகுலைட் பலகைகள் இலேசானவை, விறகைத் தூக்கி எறிந்தால் உடையும், தீச்செங்கல் உழைக்கும். காற்றுக் கட்டுப்பாட்டுக் கைப்பிடி எத்தனை என்றும் பாருங்கள். ஒன்று இருந்தால் வீட்டில் எல்லோரும் கற்றுக்கொள்வார்கள். மூன்று இருந்தால் ஒருவருக்கும் நினைவிருக்காது. சாம்பல் தட்டு என் கண்ணில் வீண் அலங்காரம். இரண்டு மூன்று சென்டிமீட்டர் சாம்பல் மெத்தை எரியறைக்குள் எப்போதும் இருப்பதே தணலுக்கு நல்லது.

தரச்சான்று ஒட்டிய தகடு பின்புறம் இருக்கும். அமெரிக்காவில் 2020 மே முதல் விற்கும் அடுப்பு, சோதனையில் மணிக்கு 2 கிராமுக்கு மேல் துகள் விடக் கூடாது. பிளந்த இயல்பான விறகை வைத்துச் சோதித்திருந்தால் 2.5 கிராம். ஐரோப்பாவில் 2022 ஜனவரி முதல் ஈகோடிசைன் விதி. மூடிய விறகு அடுப்புக்குப் புகைவாயுவில் கன மீட்டருக்கு 40 மில்லிகிராம் துகள் என்பது அதன் வரம்பு. உங்கள் நாட்டில் இந்த விதிகள் இல்லாவிட்டாலும், இவற்றில் ஒன்றின் வரம்புக்குள் அடங்கிய அடுப்பைக் கேளுங்கள். குறைந்த புகை என்றால் விறகு முழுதாக எரிகிறது என்று பொருள். அண்டை வீட்டாரின் மூக்குக்கும் உங்கள் விறகுக்குவியலுக்கும் ஒரே நேரத்தில் நல்லது.

பழைய அடுப்பு மலிவாகக் கிடைக்கிறது என்றால் டார்ச்சோடு போங்கள். வார்ப்பிரும்பில் மயிரிழை விரிசல், வளைந்து தொங்கும் கூரைத் தகடு, தகடு முழுவதும் சிவந்து செதில் விட்டிருப்பது ஆகிய மூன்றில் ஒன்றைக் கண்டாலும் திரும்பிவிடுங்கள். சான்றுத் தகடு இல்லாத அடுப்புக்கு, எரியக்கூடிய சுவரிலிருந்து எல்லாப் பக்கமும் 90 சென்டிமீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது வட அமெரிக்க நடைமுறை. அத்தனை இடம் தள்ளி வைத்தால் அடுப்பு நடுக்கூடத்தில் வந்து நிற்கும். சோதிக்கப்பட்ட புது அடுப்புகளுக்கு எவ்வளவு இடைவெளி போதும் என்று தகட்டிலேயே எழுதியிருக்கும்.

அந்த இடைவெளியை அட்டைப்பெட்டியை வெட்டித் தரையில் விரித்து அளந்து பாருங்கள். அடுப்பின் கால்தடம், சுவர் இடைவெளி, கதவுக்கு முன்னால் தீப்பொறி விழுந்தாலும் பற்றாத தளம் எல்லாம் சேர்த்து. நாற்காலி, திரைச்சீலை, அடுக்கிய விறகு எல்லாம் அந்த அட்டைக்கு வெளியே இருக்க வேண்டும். குழந்தை இருக்கும் வீட்டில் சுற்றுவேலிக்கும் இடம் ஒதுக்குங்கள்.

காற்றுப் புகாத புது வீடானால், சமையலறை உறிஞ்சு விசிறியைப் போட்டதும் அது புகைபோக்கி வழியாகவே காற்றை இழுக்கக்கூடும். புகை உள்ளே திரும்பும். வெளிக்காற்றைக் குழாய் வழியே நேராக எரியறைக்குக் கொண்டுவரும் இணைப்பு உள்ள அடுப்பாகப் பார்த்து வாங்குங்கள். எந்த வீடானாலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி, அடுப்பு உள்ள அறையில் ஒன்று, படுக்கையறைப் பக்கம் ஒன்று. அந்த வாயுவுக்கு மணம் கிடையாது; மூக்கை நம்ப முடியாது.

பொருத்திய பிறகு முதல் சில தீ சின்னதாக இருக்கட்டும். பெயின்ட் இறுகும்போது நாற்றமும் லேசான புகையும் வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். பெரிய கட்டைகளைக் கீழே, சிறியவற்றை அதன்மேல், சுள்ளியை உச்சியில் அடுக்கி மேலிருந்து பற்றவையுங்கள். குழாய் சீக்கிரம் சூடேறும், புகையும் குறையும். ஒற்றைச் சுவர்க் குழாயானால், காந்த வெப்பமானி ஒன்றை அதன் மேல் ஒட்டிவிடுங்கள். முள் 120-க்கும் 240 டிகிரிக்கும் இடையில் நின்றால் சரி. அள்ளிய சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் போட்டு வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி வெளியே வையுங்கள். உள்ளே புதைந்த தணல் நாள்கணக்கில் உயிரோடிருக்கும். முதல் குளிர்காலத்தின் நடுவிலேயே ஒரு தடவை யாரையாவது கூப்பிட்டு புகைபோக்கியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். என்ன நிறத்தில் உதிர்கிறது என்று அவரிடம் கேளுங்கள்.